பிரெஞ்சு வினைகளின் சப்ஜங்க்டிவ் ப்ளூபர்ஃபெக்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சில் சப்ஜங்க்டிவின் (விருப்பம், ஐயம், உணர்ச்சி ஆகியவற்றின் வழியாகச் செயலைச் சொல்லும் வினைப்பாங்கின்) நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் படித்து முடித்த மாணவர்கள், பழைய கதை ஒன்றைக் கையில் எடுத்ததும் முதல் சில பக்கங்களிலேயே ‘யூ’, ‘ஃப்யூ’ என்னும் இரண்டு சிறு சொற்களில் தடுக்கி நிற்பதை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளே இவை.

பிரெஞ்சுச் சொற்களை ஒலியைக் கொண்டு தமிழில் எழுதியிருக்கிறேன். ‘யூ’ வரும் இடங்களில் உதடுகளை ‘ஊ’ சொல்வதற்குக் குவித்து, நாக்கை ‘ஈ’ சொல்லும் நிலையில் வைத்து ஒலிக்க வேண்டும். அந்த உயிருக்குத் தமிழில் எழுத்து இல்லை. எழுத்துக்கூட்டலைக் காட்ட வேண்டிய இடத்தில் ரோமன் எழுத்துகளின் பெயர்களை (ஈ, யு, எஸ், டி என) வரிசையாகத் தந்திருக்கிறேன்.

இது எந்தக் காலம்? தமிழில் இதற்கு நிகரானது உண்டா?

‘ப்ல்யூஸ்-கெ-பார்ஃபே த்யூ சுப்ஜோன்க்திஃப்’ என்பது இதன் பிரெஞ்சுப் பெயர். சப்ஜங்க்டிவ் என்னும் வினைப்பாங்குக்கு நிகழ்காலம், இறந்தகாலம், இம்பர்ஃபெக்ட், ப்ளூபர்ஃபெக்ட் என நான்கு காலங்கள் உண்டு, நான்காவது இது. கடந்துபோன ஒரு நேரத்துக்கும் முன்னரே முடிந்துவிட்ட செயலையோ, நடந்திருக்கக்கூடியதாயினும் நடவாமல் போன செயலையோ இது குறிக்கும்.

தமிழில் இதற்கென ஒற்றை வடிவம் இல்லையென்றாலும், இது செய்யும் வேலைகள் அனைத்தையும் நாம் நாள்தோறும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ‘மழை நின்றிருந்தும் அவர் வெளியே வரவில்லை’ என்கிறோம். ‘போயிருப்பாளோ என்று அஞ்சினேன்’ என்கிறோம். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்கிறோம். இந்த மூன்று வாக்கியங்களின் உள்ளேயும் ‘இரு’ என்னும் துணைவினை உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்: நின்று, போய், தெரிந்து, வந்து என்னும் வினையெச்சங்களோடு ‘இரு’ சேர்ந்து, அந்த ‘இரு’ தான் காலத்தையும் பாங்கையும் ஏற்கிறது. பிரெஞ்சும் இதையேதான் செய்கிறது. துணைவினையை முன்னால் வைக்கிறது என்பதுதான் வேறுபாடு. ஆகவே இந்தக் காலத்தின் கட்டுமானம் தமிழ் பேசுபவருக்கு அந்நியமானதன்று. இதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் மாணவர்களின் பாதி அச்சம் போய்விடுகிறது.

இதை எப்படி அமைப்பது?

‘அவ்வார்’ (உடைமையைக் குறிப்பது) அல்லது ‘எத்ர்’ (இருத்தலைக் குறிப்பது) என்னும் துணைவினையைச் சப்ஜங்க்டிவ் இம்பர்ஃபெக்டில் வைத்து, அதன்பின் முதன்மை வினையின் பாஸ்ட் பார்ட்டிசிபிளை (தமிழின் ‘முடித்து’, ‘வந்து’ போலத் துணைவினையோடு சேரும் வடிவத்தை) எழுத வேண்டும். எந்த வினையானாலும் மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்த இரண்டு துணைவினைகளின் வடிவங்கள் மட்டுமே.

‘அவ்வார்’ இவ்வாறு வரும்: நான் என்பதற்கு ‘யூஸ்’ (ஈ-யு-எஸ்-எஸ்-ஈ), நீ என்பதற்கு அதே ‘யூஸ்’ (இறுதியில் ஓர் எஸ் கூடும்), அவன் அல்லது அவள் என்பதற்கு ‘யூ’ (ஈ-யு-டி, யு-வின் மேல் ‘^’ என்னும் கூரைக்குறி), நாம் என்பதற்கு ‘யூஸியோன்’ (ஈ-யு-எஸ்-எஸ்-ஐ-ஓ-என்-எஸ்), நீங்கள் என்பதற்கு ‘யூஸியே’ (ஈ-யு-எஸ்-எஸ்-ஐ-ஈ-இசட்), அவர்கள் என்பதற்கு மீண்டும் ‘யூஸ்’ (ஈ-யு-எஸ்-எஸ்-ஈ-என்-டி). ‘எத்ர்’ வினைக்கு, தொடக்கத்தில் நிற்கும் ஈ என்ற எழுத்தை எடுத்துவிட்டு அங்கே எஃப் என்ற எழுத்தை வைத்தால் போதும்: ஃப்யூஸ், ஃப்யூஸ், ஃப்யூ, ஃப்யூஸியோன், ஃப்யூஸியே, ஃப்யூஸ். இங்கும் அவன், அவள் என்பதற்கான ‘ஃப்யூ’ மட்டுமே கூரைக்குறி பெறும்.

முடித்தல் என்னும் பொருளுடைய ‘ஃபினீர்’ வினையை எடுத்துக்கொண்டால், ‘கெ ஜ்யூஸ் ஃபினி, கெ த்யூ யூஸ் ஃபினி, கில் யூ ஃபினி, கெ நூஸ் யூஸியோன் ஃபினி, கெ வூஸ் யூஸியே ஃபினி, கில்ஸ் யூஸ் ஃபினி’ என்று வரும் (‘கெ’ என்பது சார்பு வாக்கியத்தை இணைக்கும் சொல்; அவன் என்னும் ‘இல்’லோடு சேர்ந்தால் ‘கில்’). துணைவினைகளும் இதே காலத்தை இதே வழியில்தான் பெறுகின்றன: ‘கில் யூ எதே’ (அவன் இருந்திருக்க), ‘கில் யூ யூ’ (அவனிடம் இருந்திருக்க). இந்த இரண்டாவது தொடரில் முதல் ‘யூ’ கூரையுடைய துணைவினை. இரண்டாம் ‘யூ’ ஈ-யு என்ற இரண்டே எழுத்துகளில் அமைந்த பார்ட்டிசிபிள். காதுக்கு இரண்டும் ஒன்றே.

இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன? அந்தக் கூரைக்குறி ஏன்?

வடிவத்தை மறந்துவிட்டால் மீட்டெடுக்க ஒரு வழி இருக்கிறது. ‘பாஸே சேம்ப்ல்’ என்னும் எளிய இறந்தகாலத்தில் ‘நீ’ என்பதற்குரிய வடிவத்தை எடுங்கள்: ‘அவ்வார்’ வினைக்கு ஈ-யு-எஸ், ‘எத்ர்’ வினைக்கு எஃப்-யு-எஸ். அதோடு எஸ்-ஈ சேர்த்தால் ‘யூஸ்’, ‘ஃப்யூஸ்’ கிடைத்துவிடும். அவன், அவள் வடிவத்தில் மட்டும் இறுதி எஸ் நீங்கி, டி வந்து, உயிரின் மேல் கூரை ஏறும்.

வரலாறு இன்னும் சுவையானது. லத்தீனில் சப்ஜங்க்டிவ் ப்ளூபர்ஃபெக்டாக இருந்த ‘ஹாபுயிஸ்ஸெம்’, ‘ஃபுயிஸ்ஸெம்’ என்னும் வடிவங்கள்தாம் தேய்ந்து பிரெஞ்சின் ‘யூஸ்’, ‘ஃப்யூஸ்’ ஆயின. லத்தீனின் சப்ஜங்க்டிவ் இம்பர்ஃபெக்ட் பேச்சில் மறைந்துபோக, ப்ளூபர்ஃபெக்ட் ஒருபடி இறங்கி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காலியான மேற்படியை நிரப்ப, இறங்கி வந்த வடிவத்தையே துணைவினையாக்கிப் பிரெஞ்சு ஒரு கூட்டுவடிவத்தைக் கட்டியது. இன்று நாம் படிப்பது அதுதான்.

கூரைக்குறியும் இந்த வரலாற்றின் தடயம். லத்தீனின் ‘ஃபுயிஸ்ஸெத்’ பழைய பிரெஞ்சில் ‘ஃபுஸ்த்’ ஆயிற்று. பிறகு எஸ் ஒலி பேச்சிலிருந்து மறைந்தது. எழுத்தில் அது இருந்த இடத்தைக் காட்டக் கூரை வந்தது. 1740-இல் வெளியான பிரெஞ்சு அக்காதெமி அகராதியின் 3-ஆம் பதிப்பு இவ்வாறு ஒலிக்காத எஸ் பலவற்றை நீக்கிக் குறியிட்டு எழுதும் வழக்கத்தை நிலைப்படுத்தியது. காட்டைக் குறிக்கும் ‘ஃபோரே’ என்ற பிரெஞ்சுச் சொல்லில் கூரை இருக்கிறது; ஆங்கிலத்தின் ‘ஃபாரஸ்ட்’ அதே சொல்லை எஸ் மாறாமல் வைத்திருக்கிறது. எளிய இறந்தகாலத்தின் ‘இல் யூ’ (அவனிடம் இருந்தது) என்பதற்கு லத்தீன் மூலம் ‘ஹாபுயித்’. அங்கே எஸ் இருந்ததே இல்லை. எனவே கூரையும் இல்லை. இந்தக் காரணத்தை ஒருமுறை புரிந்துகொண்ட மாணவர் எதில் குறி வரும், எதில் வராது என்று பிறகு குழம்புவதில்லை.

எந்த வினைக்கு எந்தத் துணைவினை? பார்ட்டிசிபிள் மாறுமா?

பாஸே கோம்போஸே என்னும் கூட்டு இறந்தகாலத்தில் நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதுவேதான். போதல், வருதல், புறப்படுதல், வந்துசேர்தல், தங்குதல், விழுதல், பிறத்தல், இறத்தல் போன்றவற்றுக்கும், ‘ஸெ’ சேர்ந்து வரும் தற்சுட்டு வினைகள் அனைத்துக்கும் ‘எத்ர்’, மற்றவற்றுக்கு ‘அவ்வார்’. ஏறுதலைக் குறிக்கும் ‘மோன்தே’ போன்ற சில வினைகள் செயப்படுபொருளை ஏற்கும்போது ‘அவ்வார்’ பக்கம் மாறிவிடும்: அவள் ஏறியிருந்தால் ‘எல் ஃப்யூ மோன்தே’, அவள் பெட்டிகளை மேலே ஏற்றியிருந்தால் ‘எல் யூ மோன்தே லே வலீஸ்’.

‘எத்ர்’ வரும்போது பார்ட்டிசிபிள் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் இசைய வேண்டும். ‘நீங்கள் வந்திருக்க’ என்பதற்கான ‘கெ வூ ஃப்யூஸியே வென்யூ’ என்ற தொடரை, எதிரில் இருப்பவர் ஆணா, பெண்ணா, பலரா, எல்லாரும் பெண்களா என்பதைப் பொறுத்து நான்கு விதமாக எழுத வேண்டும். ஒலி நான்கிலும் ஒன்றே. இறத்தல் போன்ற சில வினைகளில் மட்டும் வேறுபாடு காதுக்கு எட்டும்: ‘கில் ஃப்யூ மோர்’, ‘கெல் ஃப்யூ மோர்த்’. ‘அவ்வார்’ வரும்போது, செயப்படுபொருள் வினைக்கு முன்னால் நின்றால் மட்டும் இசைவு தேவை என்ற பழைய விதி இங்கும் மாறுவதில்லை.

எதிர்மறையில் ‘நெ’, ‘பா’ இரண்டும் துணைவினையைச் சுற்றி நிற்கும்: ‘கில் ந்யூ பா ஃபினி’. செயப்பாட்டுவினை ‘எதே’ ஒன்றைக் கூடுதலாகப் பெறும்: ‘கெ லா மேஸோன் யூத் எதே வான்த்யூ’, அதாவது வீடு விற்கப்பட்டிருக்க.

எந்த இடத்தில் இது வர வேண்டும்?

சப்ஜங்க்டிவைக் கேட்கும் ஒரு வினையோ இணைப்புச் சொல்லோ முதலில் இருக்க வேண்டும். முதன்மை வாக்கியம் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். சார்பு வாக்கியத்தின் செயல் அதற்கும் முன்னரே முடிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால், மரபான எழுத்துநடையில் இந்தக் காலமே வரும்.

‘ஜெ ரெக்ரெத்தே கில் ஃப்யூ பார்தி’: அவர் போய்விட்டதை எண்ணி வருந்தினேன். அவர் போனது உறுதியான உண்மை. ஐயத்துக்கு இங்கே இடமில்லை. சப்ஜங்க்டிவ் என்றால் ஐயம் என்று மட்டும் படித்தவர்கள் இந்த வாக்கியத்தில் தவறிவிடுவார்கள். வருத்தம், மகிழ்ச்சி, வியப்பு போன்ற உணர்ச்சிகளின் வழியாகச் சொல்லப்படும் உண்மையும் சப்ஜங்க்டிவில்தான் வரும்.

‘ஜெ க்ரெஞ்ஞே கெல் நெ ஃப்யூ பார்தி’: அவள் போயிருப்பாளோ என்று அஞ்சினேன். அச்சத்தைச் சொல்லும் வினைக்குப் பின் வரும் இந்த ‘நெ’ எதிர்மறை அன்று. பொருளில்லாமல் நடைக்காக வருவது. அதை எதிர்மறையாக எண்ணி ‘போகவில்லையோ’ என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழின் ‘போயிருப்பாளோ’ என்பதில் ஓகாரம் தரும் நடுக்கம்தான் இந்த ‘நெ’ தருவதும் என்று வகுப்பில் சொல்வேன்.

‘பியேன் கில் யூ ப்ல்யூ’: மழை பெய்திருந்தும். இந்த ‘பியேன் கெ’ என்னும் இணைப்பே வாசகர்கள் அதிகம் சந்திக்கப்போவது. இங்குள்ள ‘ப்ல்யூ’ மழை பெய்தலின் பார்ட்டிசிபிள். பிடித்துப்போதலைக் குறிக்கும் ‘ப்லேர்’ வினையின் பார்ட்டிசிபிளும் எழுத்திலும் ஒலியிலும் இதுவேதான்.

ஒரு நுட்பம் உண்டு. ‘முன்னரே’ என்பது எப்போதும் முதன்மை வினைக்கு முன் என்று பொருளாகாது. ‘ஜெ வூலே கில் யூ ஃபினி அவான் மிதி’ என்றால், நண்பகலுக்குள் அவன் முடித்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். முடித்தல் விருப்பத்துக்குப் பிந்தியது, நண்பகலுக்கு முந்தியது. ஏதோ ஒரு எல்லைக்கு முன் செயல் நிறைவுற்றிருக்கிறதா என்பதே கேள்வி.

கூரைக்குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

வேறொரு காலமாகிவிடும். ‘இல் யூ ஃபினி’ என்பதைக் கூரையில்லாமல் எழுதினால் அது, நடந்ததை நேராகச் சொல்லும் வினைப்பாங்கான இண்டிகேட்டிவைச் சேர்ந்த ‘பாஸே ஆன்தேரியேர்’, அதாவது நடந்த கதையில் ஒரு செயலுக்குச் சற்று முன் முடிந்த செயல். கூரையோடு எழுதினால் சப்ஜங்க்டிவ். இரண்டும் ஒரே ஒலி என்பதால் காது உதவாது.

இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போவது ‘அவான் கெ’ (முன்), ‘அப்ரே கெ’ (பின்) என்னும் இரண்டு இணைப்புகளில். ‘அவான் கெ’ இன்னும் நடக்காததைப் பற்றிப் பேசுகிறது. எனவே சப்ஜங்க்டிவ், எனவே கூரை. ‘அப்ரே கெ’ நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுகிறது; எனவே இண்டிகேட்டிவ், கூரை கூடாது. ஆனால் இரண்டும் இரட்டையர் போல ஒலிப்பதால், பிரெஞ்சுக்காரர்களே ‘அப்ரே கில் யூ ஃபினி’ என்பதில் கூரை போட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. நான் திருத்தும் பயிற்சித்தாள்களிலும், நன்றாகப் படித்த மாணவர்களே இந்தக் கூரையைக் கூடுதலாகப் போடுகிறார்கள். இலக்கிய நடை என்றால் குறி இருக்கத்தான் வேண்டும் என்று அவர்களின் கை முடிவு செய்துவிடுகிறது.

இதற்கு உறுதியான சோதனை ஒன்று உண்டு. எழுவாயைப் பன்மையாக்கி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘அப்ரே கில்ஸ் யூர் ஃபினி’ என்று ‘யூர்’ வந்தால் அது பாஸே ஆன்தேரியேர். ஒருமையில் கூரை வேண்டாம். ‘அவான் கில்ஸ் யூஸ் ஃபினி’ என்று ‘யூஸ்’ வந்தால் சப்ஜங்க்டிவ்; ஒருமையில் கூரை வேண்டும். ஒருமையில் காதுக்கு ஒளிந்துகொள்ளும் வேறுபாடு பன்மையில் வெளியே வந்துவிடுகிறது. ‘ஃப்யூ’ என்பதற்கும் இதே சோதனை: ‘ஃப்யூர்’ என்றால் கூரை இல்லை, ‘ஃப்யூஸ்’ என்றால் உண்டு. வினையோடு தொடர்பில்லாமல் மரப்பீப்பாயைக் குறிக்கும் ‘ஃப்யூ’ என்ற பெயர்ச்சொல்லும் கூரையோடு எழுதப்படுகிறது. திராட்சை மதுவைப் பற்றிய பக்கத்தில் அதைக் கண்டு சப்ஜங்க்டிவைத் தேட வேண்டாம்.

1990-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் கூரைக்குறியை நீக்கிவிடவில்லையா?

இங்கே நீக்கவில்லை. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் பிரெஞ்சு அரசிதழில் வெளியான அந்தப் பரிந்துரைகள் ஐ, யு எழுத்துகளின் மேலுள்ள கூரையைப் பல சொற்களில் விருப்பத்துக்கு விட்டன. ஆனால் பாஸே சேம்ப்ல், சப்ஜங்க்டிவ் இம்பர்ஃபெக்ட், சப்ஜங்க்டிவ் ப்ளூபர்ஃபெக்ட் ஆகியவற்றின் வினைமுடிவுகளில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லின. ‘கில் யூ த்யூ’ (அவன் செய்ய வேண்டியிருந்திருக்க) என்பதில் பழையபடியே இரண்டு கூரைகள்: ஒன்று துணைவினையின் மேல், மற்றொன்று பார்ட்டிசிபிளின் மேல்.

‘ஸி’ என்னும் நிபந்தனைச் சொல்லுக்குப் பின் சப்ஜங்க்டிவ் வரக் கூடாது என்று படித்தோமே, பிறகு எப்படி இது வருகிறது?

நீங்கள் படித்த விதி சரியானது. அதற்குள்ள விதிவிலக்கு இந்தக் காலம் மட்டுமே. நடவாமல் போன நிபந்தனையைச் சொல்லும்போது ப்ளூபர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ் தன் பாங்கை விட்டுவிட்டு, கண்டிஷனல் (நிபந்தனையின் விளைவைச் சொல்லும் பாங்கு) இறந்தகாலத்தின் வேலையைச் செய்கிறது. மரபிலக்கண நூல்கள் இதைக் ‘கண்டிஷனல் இறந்தகாலத்தின் இரண்டாம் வடிவம்’ என்றே அழைத்தன. வடிவம் சப்ஜங்க்டிவ், பொருள் ‘வந்திருந்தால்’, ‘வந்திருப்பேன்’.

தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்பதற்கு இன்றைய பொதுநடை ‘ஸி ஜவே ஸ்யூ, ஜெ ஸெரே வென்யூ’. இரண்டாம் வடிவத்தில் ‘ஸி ஜ்யூஸ் ஸ்யூ, ஜெ ஃப்யூஸ் வென்யூ’. இரண்டு பாதிகளிலும் இதுவே வரலாம். ஏதேனும் ஒரு பாதியில் மட்டும் வந்து மற்றப் பாதி பொதுநடையில் நிற்கலாம். ஆக நான்கு சேர்க்கைகள், நான்கும் சரி. தமிழில் ‘இருந்தால்’ என்பதும் ‘இருப்பேன்’ என்பதும் வேறு வேறு வடிவங்கள். பிரெஞ்சின் இந்த நடையில் நிபந்தனைக்கும் விளைவுக்கும் ஒரே வடிவம் போதுமாகிறது. படிக்கும்போது எது நிபந்தனை, எது விளைவு என்பதை ‘ஸி’ மட்டுமே காட்டும்.

கலப்புச் சேர்க்கைக்குப் பிரெஞ்சு உலகம் முழுவதும் அறிந்த சான்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் எழுதியது. 1662-இல் அவர் இறந்தபின் வெளியான சிந்தனைக் குறிப்புகளில் கிளியோபாட்ராவின் மூக்கைப் பற்றிய வரி அது: ‘லெ நே தெ க்லேயோபாத்ர், ஸில் யூத் எதே ப்ல்யூ கூர், தூத் லா ஃபாஸ் தெ லா தேர் ஓரே ஷான்ஜே.’ கிளியோபாட்ராவின் மூக்கு, அது இன்னும் சற்றுக் குட்டையாக இருந்திருந்தால், உலகின் முகமே மாறியிருக்கும். நிபந்தனைப் பாதியில் ‘யூத் எதே’ என்று நம் காலம். விளைவுப் பாதியில் ‘ஓரே ஷான்ஜே’ என்று சாதாரணக் கண்டிஷனல். அடுத்து உயிர் வருவதால், எழுதியும் ஒலிக்காமல் கிடந்த டி இங்கே ‘யூத்’ என்று உயிர்பெறுவதையும் கேளுங்கள். மாணவர்கள் இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக்கொண்டால் விதியைத் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை.

‘ஸி’ இல்லாமலும் இந்தப் பொருள் வரும். ‘ஓன் ந்யூ தி’ என்று கதைகளில் அடிக்கடி காண்பீர்கள். சொல்லுக்குச் சொல் ‘சொல்லியிருப்பார்கள்’ என்றாலும், ‘என்றே தோன்றியிருக்கும்’ என்பதுதான் பொருத்தமான தமிழ். ‘இல் யூ ஃபால்யூ’ என்றால் ‘வேண்டியிருந்திருக்கும்’.

ஒரே வடிவம் இரண்டு வேலை செய்கிறது என்றால், எது எங்கே என்று எப்படி அறிவது?

வேறொரு காலத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஏ ஃபினி’ என்னும் சப்ஜங்க்டிவ் இறந்தகாலம் பொருந்தினால் அது உண்மையான சப்ஜங்க்டிவ். ‘ஓரே ஃபினி’ என்னும் கண்டிஷனலோ, ‘ஸி’ இருந்தால் ‘அவே ஃபினி’ என்பதோ பொருந்தினால் அது இரண்டாம் வடிவம். ‘கெ’ முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் குறிப்பாக உதவும். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் சப்ஜங்க்டிவைக் கேட்காத ‘கெ’யின் பின்னாலும் இரண்டாம் வடிவம் வரக்கூடும்.

‘யூஸேஜ்’ என்று ஒரு வடிவத்தைப் பார்த்தேன். அது என்ன?

‘ஸி’யை நீக்கிவிட்டு, வினையையும் எழுவாயையும் இடம் மாற்றியும் நிபந்தனையைச் சொல்லலாம். ‘யூதில் ஸ்யூ’ என்றால் ‘அவனுக்குத் தெரிந்திருந்தால்’. நான் என்னும் எழுவாய் பின்னால் வரும்போது துணைவினையின் இறுதி ஈ-யின் மேல் ஒரு சாய்குறி ஏறி, ‘யூஸேஜ் ஸ்யூ’ ஆகிறது: எனக்குத் தெரிந்திருந்தால். 1990 பரிந்துரைகள் இங்கே சாய்குறியின் திசையை மட்டும் மாற்றின. எழுதிப் பழக வேண்டிய வடிவமன்று. கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

இன்று யாராவது இதைப் பேசுகிறார்களா?

அன்றாடப் பேச்சில் இல்லை. பேச்சில் இதன் இடத்தைச் சப்ஜங்க்டிவ் இறந்தகாலமும் கண்டிஷனல் இறந்தகாலமும் முழுமையாக எடுத்துக்கொண்டன. இருந்தும் உறைந்துபோன சில தொடர்கள் உயிரோடு இருக்கின்றன. ‘கி ல்யூ க்ர்யூ?’ என்று இன்றும் வியப்பாகச் சொல்வார்கள்: யார்தான் நம்பியிருப்பார்கள்? பிரான்சின் கடைகளில் ‘ல்யூஸ்த்யூக்ர்யூ’ என்ற பெயரில் பாஸ்தா விற்கிறது. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் ‘ல்யூஸ்-த்யூ க்ர்யூ?’, ‘நீ நம்பியிருப்பாயா?’ என்ற நம் காலத்து வாக்கியம் அச்சுப் பிசகாமல் கேட்கும். ‘ஜ்யூஸ் ப்ரேஃபேரே’ (நான் இதைவிட அதை விரும்பியிருப்பேன்) என்று மிகுந்த நாகரிகத்தோடு மறுப்புத் தெரிவிப்பவர்களும் உண்டு.

எழுத்தில் நிலைமை வேறு. அவன், அவள் என்னும் ஒருமை வடிவங்கள் 20-ஆம் நூற்றாண்டு இலக்கிய உரைநடையிலும் தாராளமாக வருகின்றன. மற்ற எழுவாய்களுக்குரியவை அரிதாகிவிட்டன. சப்ஜங்க்டிவ் இம்பர்ஃபெக்டில் வரும் ‘ஏமாஸியோன்’ போன்ற நீண்ட வடிவங்கள் காதுக்குக் கரடுமுரடாக இருப்பதால் எழுத்தாளர்கள் அவற்றைத் தவிர்த்தார்கள். ப்ளூபர்ஃபெக்டில் எந்த வினையானாலும் ‘யூ’, ‘ஃப்யூ’ என்ற ஓரசைதான் முன்னால் வருகிறது. அதன் நீண்ட ஆயுளுக்கு இந்தச் சுருக்கம் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதற்குப் பதில் சப்ஜங்க்டிவ் இறந்தகாலத்தை எழுதினால் தவறா?

தவறில்லை, இதற்கு அரசாணையே இருக்கிறது. 1901 பிப்ரவரி 26-ஆம் நாள் ஆணை முதல் தளர்வைக் கொடுத்தது: முதன்மை வாக்கியம் கண்டிஷனல் நிகழ்காலத்தில் இருந்தால், சார்பு வாக்கியத்தில் சப்ஜங்க்டிவ் இம்பர்ஃபெக்டுக்குப் பதில் நிகழ்காலத்தை ஏற்கலாம் என்றது. 1976 டிசம்பர் 28-ஆம் நாள் ஆணை இன்னும் அகலமாகக் கதவைத் திறந்தது. முதன்மை வாக்கியம் இறந்தகாலத்திலோ கண்டிஷனலிலோ இருக்கும்போது, கண்டிப்பான கால இசைவு இம்பர்ஃபெக்டைக் கேட்கும் இடத்தில் நிகழ்காலமும், ப்ளூபர்ஃபெக்டைக் கேட்கும் இடத்தில் இறந்தகாலமும் தேர்வுகளில் ஏற்கப்படும் என்றது. அந்த ஆணையே தரும் எடுத்துக்காட்டு, ‘ஜெ நெ பான்ஸே பா கில் யூத் ஊப்லியே லெ ரான்தே-வூ’, சந்திப்பை அவர் மறந்திருப்பார் என்று நான் எண்ணவில்லை. இதில் ‘யூத் ஊப்லியே’ என்பதற்குப் பதில் ‘ஏத் ஊப்லியே’ என்றும் எழுதலாம்.

தளர்வு ஒரு திசையில்தான். கூரைக்குறியைத் தவறான இடத்தில் போடுவதையோ, ‘ஸி’யின் பின் கண்டிஷனலை வைப்பதையோ இந்த ஆணை மன்னிக்கவில்லை.

தேர்வுக்கு இது வேண்டுமா?

அன்றாட மொழித்திறனைச் சோதிக்கும் தேர்வுகளுக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசிப்புப் பகுதியில் கண்டால் விளங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். பிரெஞ்சு இலக்கியத்தைப் பட்டப்படிப்பாக எடுப்பவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இரண்டும் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்களையும் கடிதங்களையும் வைத்திருப்பவர்கள், அவற்றைத் தாங்களே படிக்க விரும்பினால் முதலில் பாஸே சேம்ப்லையும் அடுத்து இந்தக் காலத்தையும் கற்றுக்கொள்ளச் சொல்வேன். எழுத்துநடையின் திறவுகோல்கள் இவை.

எப்படிப் பயிற்சி செய்வது?

முதலில் ‘கில் யூ’, ‘கில் ஃப்யூ’ இரண்டையும் பத்துப் பன்னிரண்டு பார்ட்டிசிபிள்களோடு சேர்த்து எழுதிப் பழகுங்கள்: ஸ்யூ, வ்யூ, ப்யூ, க்ர்யூ, ஃபே, தி, ப்ரி, மி, எக்ரி, ஊவேர், வென்யூ, நே. பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, அச்சுப் பக்கங்களில் தேடத் தொடங்குங்கள். கூரை கண்ட இடத்தில் பென்சிலால் கோடிட்டு, அது எந்த வேலையைச் செய்கிறது என்று ஓரத்தில் ஒரு சொல்லில் குறியுங்கள்.

நான் வகுப்பில் எழுதிப்போடும் வாக்கியம் ஒன்று: ‘பியேன் கெ லா ப்ல்யுயி யூ ஸெஸே எ கெ லேஸ் ஆன்ஃபான் ஃப்யூஸ் ஸோர்தி, லா மேர், கி யூ ப்ரேஃபேரே லே கார்தே ப்ரே தெல், நெ தி ரியேன்.’ மழை நின்றிருந்தும், குழந்தைகள் வெளியே போய்விட்டிருந்தும், அவர்களைத் தன் அருகிலேயே வைத்துக்கொள்வதை விரும்பியிருக்கக்கூடிய தாய் எதுவும் சொல்லவில்லை. நம் காலம் இதில் மூன்று முறை வருகிறது. முதலிரண்டும் ‘பியேன் கெ’யின் ஆட்சியில் உள்ளவை; அங்கே ‘ஏ ஸெஸே’, ‘ஸ்வா ஸோர்தி’ என்று மாற்றிப் படித்தாலும் வாக்கியம் நிற்கும். மூன்றாவது ‘கி’ என்னும் தொடர்பு வாக்கியத்தில் இருக்கிறது. அங்கே ‘ஓரே ப்ரேஃபேரே’ மட்டுமே பொருந்தும், எனவே அது இரண்டாம் வடிவம். இனி ‘லா ப்ல்யுயி’ என்னும் ஒருமையைப் பன்மையாக்கி ‘லே ப்ல்யுயி’ என்று வைத்து, துணைவினை ‘யூஸ்’ ஆகிறதா ‘யூர்’ ஆகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘யூஸ்’ என்று வரும்; ஆகவே ஒருமையில் அந்த யு-வின் மேல் கூரை இருந்தே ஆக வேண்டும்.